கடைசி மூன்று மாத்திரைகள்

என் வீட்டுக்காரர் எல்மார் இருபத்தாறு வருஷம் எங்கள் எஸ்டோனியா நாட்டு ஹியுமா தீவில் பஸ் ஓட்டினார். படகுத்துறைக்கும் ஊருக்குமாக. அத்தனை வருஷமும் அவருக்கு வயிறு சரியில்லை. இரண்டு துண்டு கறுப்பு ரொட்டி போதும், வயிறு உப்பி ஏப்பமாக வரும். "ஹாரனே வேண்டாம், டிரைவர் மாமா ஏப்பம் விட்டா போதும்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டு, நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்றை முழுங்குவார்.

டாக்டர் மாரெத் ஒருநாள் பிடித்து உட்காரவைத்தாள். "இது வயித்துல கிருமியா இருக்கலாம். ஒரு மருந்தைக் குடிச்சிட்டு ஒரு பையில ஊதணும், அவ்வளவுதான். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது. தொட்டா கிருமி பதுங்கிக்கும், சோதனையில தெரியாது."

"குடிச்சிருக்கேனான்னு தினமும் ஊதிக் காட்டிட்டுத்தான் பஸ்ஸையே எடுக்கிறேன். இன்னும் ஒரு ஊதுதானே, போகட்டும்" என்றார்.

பதினோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மாத்திரையை எடுத்து வந்தேன்.

"வேண்டாம் ஹெல்யு. டாக்டரம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணே ஒண்ணு போட்டா குடிமுழுகிடாது. முழுங்குங்க."

நானே வாயில் வைத்தேன். அடுத்த இரண்டு நாளும் வைத்தேன்.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அன்றைக்கு ஆப்பிள் கேக் செய்து கொண்டாடினேன், பாவி.

நாலு வருஷம் கழித்து மலம் கறுப்பாகப் போனது. தலைநகர் டாலினில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்றுக்கட்டி. கூடவே அந்தக் கிருமியும். பல வருஷமாக உள்ளே இருந்து அதுதான் புண்ணாக்கிக் கட்டியாக்கியிருக்கிறது.

மாரெத் பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ இல்லைன்னு வந்துச்சே! எல்மார், ஊதுறதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "போட்டேன். இவ வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் கேக்கல."

"இந்த ஆம்பளைங்களே இப்படித்தான்" என்று மாரெத் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் தலையாட்டினேன். ஐயோ, ஆட்டினேனே!

மார்ச் மாதம் அவர் போய்விட்டார். போன வாரம் கடையில் மாரெத் என்னைப் பார்த்தாள். "நீங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தீங்க, மனசைத் தேத்திக்குங்க" என்றாள்.

ஆமாம் என்றேன்.