பீரோவுக்குள் வைத்த புதுப் பெட்டி

எனக்குப் படிப்பு ஆறாவது வரை. மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். கொல்லங்கோட்டுப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. ஊட்டுக்கும் கிணற்றுக்கும் நல்ல தூரம். மோட்டார் ஓடுதா நிக்குதா என்று நான் நடையாய் நடப்பதைப் பார்த்து அவளே ஒரு பெட்டி செய்தாள்.

கிணற்றடியில் பெட்டி. அவள் கையில் போன். கரண்ட் இருக்கா, மோட்டார் ஓடுதா, தண்ணி எவ்வளவு, இந்த மூன்றையும் பெட்டி ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும். போனில் இருக்கும் புரோகிராம் கட்டைப் பிரித்து மோட்டாரின் நிலவரத்தை முழுசாகக் காட்டும்.

"கட்டுற வரிசையும் பிரிக்கிற வரிசையும் ஒண்ணா இருக்கோணுங்க மாமா" என்றாள். கட்டிலைக் கழற்றி வேறு ஊட்டில் பூட்டுகிற மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் எந்த வால்வு திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்து நாலாக்கினாள். அதற்கு ஒரு புதுப் பெட்டி. போனிலும் புரோகிராமை மாற்றினாள். பழைய பெட்டி மோட்டார் ரூமில் கிடந்தது.

கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீசிலிருந்து ஆபீசர் பார்க்க வருவதாகச் சொன்னார். பிடித்துப்போனால் மற்ற தோப்புகளிலும் அவளையே பெட்டி வைக்கச் சொல்வார். குழந்தைக்காக வேலையை விட்டவள். அந்தக் கவலையில் மூணு நாளாக அவள் முகமே சரியில்லை, சோறும் இறங்கவில்லை.

அன்று காலை நான் ஒரு காரியம் செய்தேன். புதுப் பெட்டியில் புழுதி, பல்லி எச்சம். எங்கள் ஊட்டில் புது டம்ளர், புது ஜமுக்காளம் எல்லாம் விருந்தாளிக்குத்தான். பெட்டியைக் கழற்றித் துடைத்து, துண்டில் சுற்றி பீரோவில் வைத்தேன். ஆபீசர் கையில் சுத்தமாகக் கொடுக்கலாம் என்று. கிணற்றடியில் பழையதைப் பூட்டினேன். ஒயர் அதே ஒயர். லைட்டும் எரிந்தது.

ஆபீசர் வந்தார். அவள் போனை நீட்டினாள். சிவப்பு எழுத்து வந்து நின்றது.

"சிக்னல் இல்லையோ?" என்றார்.

"கட்டு வந்திருக்குங்க சார். பிரிக்க முடியல." அவள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். "மூணுதான் இருக்குது. நாலு இருக்கோணும்." என் பக்கம் திரும்பினாள். "மாமா, பெட்டியத் தொட்டீங்களா?"

"புதுசு பீரோவுல பத்திரமா இருக்குது அம்மிணி."

என் ஊட்டுக்காரி ஆபீசரிடம் சொன்னாள். "கண்ணாலத்துக்கு எடுத்த வேட்டியவே இன்னும் கட்டாத ஆளுங்க சார் இது."

"போய் எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

அவள் கிணற்றடியில் இருந்த பழைய பெட்டியைப் பார்த்தாள். "வேண்டாங்க மாமா. இருங்க."

மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டினாள். மூன்று மட்டும் வந்தால் வால்வு இடத்தைக் காலியாக விட்டு மற்றதைக் காட்டு என்று புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். ஆபீசர் ஒரு இளநீர் குடித்தார். இன்னொன்று வெட்டிக் கொடுத்தேன். அது முடிவதற்குள் போனில் மோட்டார் ஓடியது.

"மத்த தோட்டத்துலயும் இப்படி நடக்குமோ?" என்று கேட்டார்.

"நடக்குங்க சார். எல்லா ஊட்லயும் ஒரு மாமா இருப்பாரு. இனிமே பழசு வந்தாலும் படிக்கும்."

ஆபீசர் சிரித்துவிட்டார். முதலில் அஞ்சு தோப்புக்கு வைக்கலாம் என்றார்.

அவர் போனதும் மருமகள் சோற்றுக்கு உட்கார்ந்தாள். இரண்டாம் தடவையும் போடச் சொன்னாள். யாரும் என்னைத் திட்டவில்லை. நான் மோர் ஊற்றினேன்.