நோவு என்னுது

வலக்கையின் ஆட்காட்டி விரல் வாயருகே போகிறது. உதட்டைத் தொடும் முன் நின்று, திரும்பி இறங்கி, தோல்பையின் ஓரத்தில் கட்டியிருக்கும் சிறு தகர டப்பாவுக்குள் நுழைகிறது. அதில் நனைந்த பஞ்சு இருக்கிறது. விரலை அதில் ஒற்றிக்கொண்டு, டிக்கெட் கட்டிலிருந்து ஒரு தாளைப் பிரித்து நீட்டுகிறார் சவுரிராயன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தொன்றின் நடத்துநர். வேலையில் சேர்ந்த நாள்முதல் நாக்கில் தொட்டே டிக்கெட் கிழித்துப் பழகிய கை, புது வழக்கத்தை ஒவ்வொரு முறையும் பாதி வழியில்தான் நினைத்துக்கொள்கிறது.

ஆள் ஒல்லி. காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கோடையிலும் கழற்றுவதில்லை. உறங்கும் பயணியைத் தோளில் தட்டி எழுப்பமாட்டார். இருக்கையின் கம்பியைத் தட்டுவார். "முண்டியம்பாக்கம். ஆலை ஊழியருங்க எறங்கலாம். மிச்சத் தூக்கத்த உள்ள போய்த் தூங்குங்க" என்பார். படிக்கட்டில் தொங்கும் இளைஞர்களிடம், "பாதி ஒடம்பு வெளியில இருந்தாலும் பாதி டிக்கெட் கெடையாது சார். முழுசா உள்ள வந்துடுங்க" என்பார். பேச்சில் வேடிக்கை இருக்கும், முகத்தில் இராது. மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லாத சந்தை நாட்களிலும் அவர் எந்தப் பயணியையும் ‘நீ’ என்று விளித்து நான் கேட்டதில்லை.

நோயைப் பற்றி எழுதலாமா என்று நான் கேட்டபோது, வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சொன்னார்: "எழுதுங்க. மொதலாளி சொன்னாருன்னு எழுதாதீங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க." ஆகவே, அவருடைய நோய் பற்றி இங்கே உள்ள ஒவ்வொரு செய்தியும் அவர் வாயால் நான் கேட்டது. மற்றவை உடனிருந்த ஓட்டுநர் நடராசன் சொன்னவையும், அந்த வண்டியில் நாள்தோறும் செல்பவன் என்ற முறையில் நான் கண்டவையுமாகும்.

எண்பத்து நான்காம் ஆண்டுக் கோடையில் அவருக்கு இருமல் கண்டது. பிறகு மாலைக் காய்ச்சல். மருத்துவர் காசநோய் என்றார். சவுரிராயன் உடனே விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். மனைவி இருதயமேரியைத் தவிர எவருக்கும் உண்மை சொல்லவில்லை. நடராசனிடம்கூட வயிற்றில் புண் என்றே சொல்லியிருந்தார். சளியில் கிருமி இல்லை, இனிமேல் பிறருக்குத் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் கூறிய பின்னரே வண்டியேறினார். ஆனால் ஊசி நிற்கவில்லை. காலையில் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். முதல் நடைக்கு வர இயலாது. அதற்கு முதலாளியின் அனுமதி தேவைப்பட்டது. அனுமதிக்குக் காரணம் தேவைப்பட்டது.

முதலாளி வேங்கடேசன் கெட்டவர் அல்லர். இதை நடராசனும் ஒப்புக்கொள்கிறார். சவுரிராயன் தனியே சந்தித்துச் சொன்னபோது எதிர்க்கேள்வி இல்லாமல் நடையை மாற்றிக் கொடுத்தார். "பயப்படாதடா. எனக்குள்ளயே இருக்கும்" என்று தம் மார்பைத் தொட்டும் காட்டினார்.

அவ்வாண்டு ஆயுத பூசை வந்தது. பணிமனையில் வண்டிகளைக் கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஓட்டுநர், நடத்துநர், பழுது பார்ப்பவர், அவர்களுடைய வீட்டார் எல்லாரும் கூடியிருந்தனர். பொரியும் கடலையும் முதலாளி தம் கையாலேயே அள்ளிக் கொடுப்பது அங்கே வழக்கம். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்போது அவருக்குத் தாம் செய்த நன்மை ஒன்றைச் சொல்லிக் கொடுப்பதும் வழக்கம்: இவன் தங்கை கலியாணத்துக்கு வண்டி விட்டேன், அவன் மகனைப் பள்ளியில் சேர்த்தேன் என்று. கேட்பவர்கள் சிரித்து வாங்கிக்கொள்வார்கள். சவுரிராயனின் முறை வந்தது.

"இதோ நம்ம சவுரி. டி.பி. வந்துடுச்சு பாவம். வேற எவனா இருந்தா வூட்டுக்கு அனுப்பிச்சிருப்பான். ஊசி போட்டுக்கினு வாடா, நான் பாத்துக்கறேன்னுட்டேன். மனுசன மனுசன் பாக்கணும் இல்ல?"

நீட்டிய துண்டில் பொரி விழுந்தது. பக்கத்தில் நின்றவர் தம் குழந்தையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். இருதயமேரி தரையைப் பார்த்தார். நடராசன் மட்டும் அருகில் வந்து, "என்கிட்ட அல்சருன்ன?" என்று கேட்டார். சவுரிராயன் துண்டின் முனைகளைச் சேர்த்து முடிந்தார்.

பேருந்து நிறுவனத்தில் சொல்லப்பட்ட செய்தி பேருந்திலேயே போயிற்று. மறுநாள் அவருடைய வண்டி திண்டிவனம் சேர்வதற்கு முன்பே அது சேர்ந்திருந்தது. வழக்கமான தேநீர்க் கடையில் அவருக்கென்று ஒரு கண்ணாடிக் குவளை தனியே கவிழ்த்து வைக்கப்பட்டது. அவருடைய தகப்பனாருக்கும் ஒரு காலத்தில் கடையில் தனிக்குவளைதான். அது சாதிக்காக வைத்தது. அந்த வழக்கத்தைத் தம் தலைமுறை தாண்டிவந்துவிட்டதாக அவர் எண்ணியிருந்தார். தேநீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். வண்டியிலோ, மக்கள் டிக்கெட்டை முந்தானையாலும் கைக்குட்டையாலும் வாங்கினார்கள். நாக்கில் தொட்டுக் கிழிப்பவர் என்பது எல்லாருக்கும் தெரியும். தகர டப்பாவும் பஞ்சும் அப்போது வந்தவை. அவற்றால் பயன் விளையவில்லை. விழுப்புரத்தில் அவர் வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தவர்களை நானே பார்த்தேன்.

வசூல் குறைந்ததும் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். என்ன சொல்லப்போகிறார் என்பது பணிமனை முழுவதற்கும் தெரிந்திருந்தது: வண்டியைவிட்டு இறக்கி, பணிமனையில் காவலுக்கு உட்காரவைக்கப் போகிறார்.

"போய் நின்னுக்கினு ‘சரிங்க’ன்னு வந்துடாத" என்றார் நடராசன். "பாண்டில அவுரு படுத்துக்கினு இருந்தப்ப நீதான கூட இருந்த? இன்னா நோவுன்னு இன்னிய வரிக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. நீயும் எட்த்து வுடு. அப்பத்தான் எரிச்சல் தெரியும்."

சில ஆண்டுகளுக்கு முன் வேங்கடேசன் பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இருந்ததும், வீட்டாரைக்கூட அண்டவிடாமல் சவுரிராயனை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டதும் அங்கே அனைவரும் அறிந்தவை. நோய் இன்னதென்று எவரும் அறியார். நானும் கேட்கவில்லை.

முதலாளியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே நடராசன் வண்டிச் சக்கரத்தைத் துடைப்பதுபோல் குந்தியிருந்தார். துணி அசையவில்லை என்று அவரே சொன்னார்.

"சம்பளத்துல கை வெக்க மாட்டேன்" என்று தொடங்கினார் முதலாளி. "ஷெட்லயே இரு. நெழல்ல குந்திக்கினு இரு. ஒடம்புக்கும் நல்லது."

"ஒடம்பு நல்லாத்தாங்க இருக்குது. டாக்டரு சொல்லிட்டாரு."

"சனம் பயப்படுதேடா."

"சனத்துக்குச் சொன்னது யாருங்க?"

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் இன்னா பொய்யா சொன்னேன்?"

"பொய்யா இருந்தா பேஜாரே இல்லிங்க. இல்லன்னுட்டுப் போயிருப்பேன். நெசத்த சொல்லிட்டீங்களே, அத நான் எங்க போய் இல்லன்றது?"

"பெருமையாத்தானடா சொன்னேன். உன்னக் கேவலப்படுத்தவா சொன்னேன்?"

"பெருமை உங்களுதுங்க. நோவு என்னுது."

முதலாளியின் குரல் தணிந்தது. "கதவச் சாத்து" என்றார். சவுரிராயன் நகரவில்லை. "இப்ப இன்னா, பாண்டி கதைய எடுக்கப் போறியா? அதுக்குத்தான் வந்தியா?"

நடராசன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"அது உங்களுதுங்க" என்றார் சவுரிராயன். "அத நான் எதுக்கு எடுக்கணும்? நான் கேக்கறது ரெண்டே. வண்டிய வுட்டு எறங்க மாட்டேன். இனிமே என்னப் பத்தி எவன் வந்து கேட்டாலும், ‘அவனையே போய்க் கேளு’ன்னுடுங்க. சொல்றதுன்னா நான் சொல்லிக்கறேன்."

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "ஒரு வாரம் பாக்கறேன். வண்டி காலியாப் போச்சுன்னா நீ ஷெட்டுக்குத்தான் வரணும்" என்று மட்டும் சொல்லி, மேசைமேல் கிடந்த டிக்கெட் பையை அவர் பக்கம் தள்ளினார். வெளியே வந்தவரிடம் நடராசன், "கையில இருந்த கல்ல கீழ போட்டுட்டு வர்றியே" என்று கடிந்துகொண்டார். "வுடு, நேரமாவுது" என்று சொல்லி, சவுரிராயன் பையைத் தோளில் மாட்டினார்.

மறுநாள் காலை நான் வண்டியிலிருந்தேன். இருக்கைகளில் பாதி காலி. ஏறியவர்களும் முன்பக்கமே நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். சவுரிராயன் நடுவில் வந்து நின்று, ஊர்ப் பெயர்களைச் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம். எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு டி.பி. வந்துது. ஊசி போட்டுக்கினு இருக்கறேன். இப்ப யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லித்தான் வண்டி ஏறினேன். சந்தேகம் இருக்கறவங்க என்னையே கேளுங்க. அடுத்த வண்டில போறவங்க போலாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். டிக்கெட், டிக்கெட்."

மூன்று நான்கு பேர் எழுந்து இறங்கினார்கள். மற்றவர்கள் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் நடராசன் திரும்பாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "எறங்கலாம்னுதான் பாக்கறேன் கண்டக்டரே. ஆனா உங்க அடுத்த வண்டி வர்றதுக்குள்ள எனக்கே டி.பி. வந்துடும். திண்டிவனம் ஒண்ணு குடு." வெறுங்கையை நீட்டினார். எங்கோ ஒருவர் சிரித்தார். சவுரிராயன் டிக்கெட் கொடுத்தார், நகர்ந்தார், அடுத்தவர் கைக்குட்டையால்தான் வாங்கினார். அன்றைக்கு அவ்வளவே நடந்தது. வண்டி நிறைவதற்கு அந்த ஒரு வாரம் போதவில்லை. ஆயினும் முதலாளி ஷெட்டுக்குக் கூப்பிடவில்லை. பாண்டிச் செய்தி வெளிவரும் என்ற அச்சத்தாலா, வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது. தைப்பொங்கலுக்கு முன் ஊசி முடிந்தது. அதற்குப் பிறகுதான் நிற்க இடமில்லாத பழைய கூட்டம் திரும்பிற்று.

சென்ற மாதம் விழுப்புரம் நிலையத்தில் வண்டி புறப்படும் நேரம். முதலாளி எதிரில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி பின்படியருகே வந்தார். அவருடைய பெயரும் ஊரும் எனக்குத் தெரியும், எழுதவில்லை. "கண்டக்டரே, ஒண்ணு கேக்கணும். எங்க வூட்டுல..." என்று தொடங்கினார். சவுரிராயன் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். கீழே இறங்கி, வண்டியின் மறுபுறத்துக்கு, சுவரோரம் அவரை அழைத்துப் போனார். அங்கே சவுரிராயன் குனிந்து கேட்டதும், ஏதோ சொன்னதும் சன்னல் வழியே தெரிந்தன. சொற்கள் கேட்கவில்லை. பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியேறினார்.

"நேரமாச்சுல்ல சவுரி" என்று முதலாளி குரல் கொடுத்துக்கொண்டே அருகில் வந்து, படிக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாவாம் அந்தம்மாவுக்கு? ஏன் அழுதுக்கினு போவுது?"

"கூட்டேரிப்பட்டுல நிக்குமான்னு கேக்கறாங்க, மொதலாளி."

அந்தத் தடத்தில் கூட்டேரிப்பட்டில் நிற்காத வண்டி கிடையாது. சவுரிராயன் படியிலேறி, இரண்டு பக்கக் கம்பிகளையும் பற்றி, உள்ளே உட்கார்ந்திருப்பவர் வெளியே தெரியாதபடி வாசலை முழுவதும் அடைத்துக்கொண்டு நின்று, விசிலை ஊதினார்.