நல்ல நேரத்துக்குப் பூட்டும் கேட்டு

காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குக் கூரை உண்டு, வாசல் உண்டு, வழிதான் கிடையாது. பெரிய ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர சாக்கடையோரம் வேலிகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. எதிரே ஆள் வந்தால் இருவரில் ஒருவர் வேலியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதை விட்டால் முன்வீட்டுக்காரரின் நிலம். லோரி நுழையும் அகலம் அதற்குத்தான் இருந்தது. அதன் வாயில் ஒரு மரக் கேட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியில் அந்தப் பெரிய மனிதர்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பால்மரம் வெட்டுகிறவர்களை வரிசையில் நிறுத்தி அதட்டிய பழக்கம் விடவில்லை. இங்கே வேறு ஆள் கிடைக்காமல் எங்களை அதட்டிக்கொண்டிருந்தார். சாதாரண நாளில் கேட்டு திறந்தே கிடக்கும். மீன்காரன் சைக்கிள் போகும், ஆடு போகும், நாங்களும் போவோம். யாராவது நல்ல நாள் பார்த்து வீடு மாறினால் மட்டும் பூட்டு தொங்கும். நம்ம ஆளாயிற்றே, பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதா அவருக்கு? குறித்த நேரம் தவறினால் குடியே முழுகிவிட்டது போல் நம் சனம் துடிக்கும் என்று தெரிந்தவர். அந்தத் துடிப்புக்குத்தான் விலை வைத்தார்.

மெர்டேகா என்று இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கேட்டுக் கம்பத்தில் புதுக் கொடியைக் கட்டிவைத்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சுதந்திரத்தைப் பற்றி முழங்குவார். வெள்ளைக்காரன் நாட்டையே விட்டுவிட்டுப் போய்விட்டான். இந்த மகாராஜா ஒரு கேட்டை விடமாட்டாராம்.

நாங்கள் செங் என்கிற ஊர்ப் பக்கம் ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கிப் பலகை வீடு கட்டியிருந்தோம். என் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிப்பவர்; அந்தச் சம்பளத்துக்கு அது பெரிய காரியம்தான். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஐயரிடம் நேரம் குறித்து வாங்கிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு அழைப்புக்குக் கிளம்பினார். முதல் அழைப்பு யாருக்கு? கேட்டுக்காரருக்கு!

“வெள்ளிக்கெழம ராகு காலத்துக்கு முந்தி பால் பொங்கிறணும் தம்பி. அத விட்டா ஆடி பொறந்துரும். கட்டாயம் வந்துரணும்.”

திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, வெற்றிலையும் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் அதை மென்றபடியே, “வராம இருப்பேனாக்கா?” என்றாராம்.

வெள்ளிக்கிழமை லோரி வந்தது. கேட்டு பூட்டியிருந்தது. லோரிக்காரர் இறங்கி வந்து பாதையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார்.

“வாசல்ல ஏத்துனா ஒரு வெல. பெரிய ரோட்டுல நிக்கணும்னா வேற வெல லா. தூக்கியார ஆளும் நீங்கதான் புடிக்கணும்.”

கிராணி கேட்டதோ லோரி வாடகையையே மிஞ்சியது. “நெலம் என்னுது தம்பி. லோரி போனா தரை அமுங்கும்” என்றார். தரை அமுங்குமாம்! அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கியதைவிடவா? வீடு கட்டிக் கை வறண்டு போயிருந்த என் கணவர் ஆளைப் பிடித்தார். பானை சட்டி, பாய், கழற்றிய கட்டில் எல்லாம் ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாகப் போயின. என் அலமாரி மட்டும் போகவில்லை.

தேக்கு அலமாரி. கதவில் ஆளுயரக் கண்ணாடி. என் அப்பா கண்ணை மூடுவதற்கு முன் கல்யாணச் சீராகக் கொடுத்தது. அந்தக் குடும்பத்தில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். அது வீட்டுக்குள் வந்ததே திறந்திருந்த கேட்டு வழியாகத்தான்; அந்தப் பாதையில் நேராகவும் வராது, சாய்த்தாலும் வராது.

பக்கத்துச் செட்டி வீட்டம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே ஊறிய குடும்பம்; நெற்றி நிறையக் குங்குமம், வாயைத் திறந்தால் மலாய். “ஜாலான் புன் மாவ் பாயாரா?” என்று வாயில் கையை வைத்துக்கொண்டார். நடக்கிற வழிக்குமா காசு? தன் வேலியைப் பிரித்துவிடட்டுமா என்றுகூடக் கேட்டார். தமிழ் தெரியாத அந்த அம்மாவுக்கு இருந்த மனசு எங்கள் செந்தமிழ்க் கிராணிக்கு இல்லை.

“வேலியப் பிரிச்சு முடிக்கிறதுக்குள்ள ராகு காலம் வந்துரும்” என்று மாமியார் தடுத்துவிட்டார். இந்த வீட்டுக்கும் அன்று மத்தியானமே வேறு குடி வருவதாக இருந்தது. அவர்களுக்கும் ஆடி வந்துவிடுமே.

கிராணி அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். “ஏன் தங்கச்சி கஷ்டப்படுற? நம்ம வீட்ல வெச்சிட்டுப் போ. பத்திரமா இருக்கும். அப்பறமா எடுத்துக்கலாம்.”

“பத்திரமாத்தான் இருக்கும். ஒங்க கண்ணு எப்பவும் அதும்மேலதானண்ணே இருக்கு” என்றேன்.

“வாய மூடுடி, நல்ல நேரத்துல!” என்றார் மாமியார். என் கணவர் தரையைப் பார்த்தார். அமுங்கியிருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

அலமாரி கிராணி வீட்டுக்குப் போனது; புது வீட்டில் பால் பொங்கியது. கிராணியும் வந்திருந்தார், பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். நான் அடுப்படியில் அழுதேன். புகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆடி கழிந்து அலமாரியை எடுக்கப் போன கணவர் வெறுங்கையோடு திரும்பினார். கேட்டுக்குத் தனிக் காசு, இத்தனை நாள் இடம் கொடுத்ததற்குத் தனி என்று கேட்டாராம் அந்த மனிதர். இனி அந்தப் பேச்சை எடுக்காதே என்றார் என் கணவர். எடுக்கவில்லை. ஆனால் விசேஷத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் தகரப் பெட்டியிலிருந்து கசங்கின சேலையை எடுத்து உதறுவேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வீடு உண்டு. அதற்கு வழி எங்கள் நிலத்தின் மேல்தான். என் கணவர் நல்ல கனத்த பலகையில் அங்கே ஒரு கேட்டு போட்டார். ஆடு வராமலிருக்க என்று நினைத்தேன். தை பிறந்ததும் பின்வீட்டுப் பெண் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். பத்தாங்பெர்ஜுந்தாய்க்கு மாறிப் போகிறார்கள். நாளும் நேரமும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று காலையில் பார்க்கிறேன், கேட்டில் புதுப் பூட்டு. பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் என் கணவர்.

“நெலம் நம்மளுது. லோரி போனா தரை அமுங்கும்” என்றார் அந்தப் பெண்ணிடம். அதே வார்த்தை! சொன்னவர் வாயிலிருந்து பிடுங்கி வந்து வைத்திருந்தாற்போல. “நாயந்தான?” என்றார் மாமியார். அவர்கள் பிடித்த லோரி ரோட்டில் நிற்க, அந்தப் பெண் தன் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை, பூட்டையும் தொடவில்லை. லோரிக்காரரைக் கூப்பிட்டு, “அந்தக் கேட்டோட கீல கழட்டுங்கண்ணே” என்றேன்.

“ஏய், பைத்தியமா ஒனக்கு?” என்று கத்தினார் கணவர்.

“ஆமா. கிராணி பொண்டாட்டி ஆயிட்டேனில்ல!”

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். கேட்டைக் கழற்றிக் கீழே சாய்த்தார்கள். லோரி உள்ளே போனது, தையல் மெஷினோடு வெளியே வந்தது. தரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளே ஆசாரியை வரவழைத்து, அந்தப் பலகையில் எனக்கு ஓர் அலமாரி செய்யச் சொன்னேன். கண்ணாடி கிடையாது, தேக்கும் இல்லை. சேலை வைக்கப் போதும். கதவுக்கு அந்தப் புதுப் பூட்டையே போட்டுக்கொண்டேன். சாவியை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.