ரஞ்சிதா பூசிய ரோஸ்

அழகான டப்பாவில் வருகிற, கன்னத்தில் பூசும் ப்ளஷ் பவுடரை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். உள்ளே இருக்கிற சாமானைவிட மேலே ஒட்டுகிற ஸ்டிக்கருக்கு அதிகம் மெனக்கெடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். ஆனாலும் இந்தக் கோபம் ரஞ்சிதாவால் வந்தது.

பெரம்பலூர் பக்கத்துப் பெண் அவள். 2006இல் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் ஒரே அறையில் குடியிருந்தோம். இருவரும் அதே கம்பெனியில் கான்ட்ராக்ட். அவள் அசெம்பிளி லைனில் நாள் முழுக்க நின்றுகொண்டு ஸ்க்ரூ முடுக்குவாள். மாநிறம், வற்றிய உடம்பு, பேசினால் மட்டும் வீடே அதிரும். ஒரு தடவை லைனிலேயே மயங்கி விழுந்தாள். எழுந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, "பயந்துட்டீங்களாக்கா?" என்று சிரித்தாள்.

அவள் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கிலி இருந்தது. வீட்டில் அவளைத் தாய்மாமன் பரமசிவத்துக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. மனைவி இறந்துபோய் இரண்டு பிள்ளைகள். "பர்மனென்ட் ஆனா உன் இஷ்டம், ஆகலைன்னா மாமனைக் கட்டிக்க" என்று அவள் அப்பா கெடு வைத்துவிட்டார். பர்மனென்ட் ஆக்குகிறவர்கள் பட்டியலில் எங்கள் இருவர் பெயரும் வந்தாயிற்று. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி.

லைன் லீடர் ஹரீஷ்குமார் நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. "மெடிக்கல் அன்னிக்கு இந்தச் சோந்த மூஞ்சியோட வராதம்மா. டாக்டரு மூஞ்சியப் பாத்தே ஆளக் கழிச்சிடுவாரு" என்று சொல்லி வைத்தான். அசெம்பிளி லைனுக்குள் பவுடர், பொட்டு, பூ எதுவும் கூடாது. தூசி பார்ட்ஸில் விழுந்துவிடும் என்று விதி. வருஷம் முழுக்க வெறும் முகத்தோடு நிற்கிற பெண்களுக்கு, ஆபீஸ் கட்டடத்தில் நடக்கிற மெடிக்கல் நாள் ஒன்றுதான் முகத்தில் எதையாவது பூசிக்கொண்டு போகிற நாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரே நாராயணம்மாவின் ஃபேன்சி ஸ்டோரில் ரஞ்சிதா அந்த ப்ளஷ் டப்பாவைப் பார்த்தாள். வட்டமாக, தங்கக் கலரில், மேலே ரோஜா புடைத்திருக்கும். திறந்தால் கண்ணாடி, குட்டி பிரஷ். நாராயணம்மா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வியாபாரம் பண்ணுகிறவள். "தும்பா சென்னாகிதே கண்ணு, நல்லா இருக்குது, பெங்களூர்ல எல்லாம் இதுதான் ஓடுது" என்றாள்.

நான் கையைப் பிடித்து இழுத்தேன். "வாணாம்டி. இது செவப்பா இருக்கறவங்களுக்கு. நம்ம தோலுக்கு இது எங்க ஒத்துவரும்?"

"கன்னத்துல ரத்தம் ஓடுற மாதிரி தெரியணும்க்கா. அவ்வளவுதான்."

அதை வாங்குவதற்காக மெஸ்ஸில் முட்டையையும் கீரைக் கூட்டையும் விட்டுவிட்டாள். வெறும் ரசம் சோறு. நான் திட்டினேன். "ஒரு மாசந்தானக்கா, அப்புறம் காலம்பூரா முட்டை தின்னலாம்" என்றாள். உடம்பில் ரத்தம் ஊறவேண்டிய சோற்றை விட்டுக்கொடுத்து ரத்தம் மாதிரி ஒரு சாயத்தை வாங்கியவளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

மெடிக்கல் அன்று காலை பூசினாள். முதல் தடவை ஒன்றுமே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். பவுடர் மாவாக உதிர்ந்தது. மூன்றாவது தடவை ரோஸ் நிறம் ஏறுவதற்குப் பதிலாக இரண்டு கன்னத்திலும் சாம்பல் படிந்த மாதிரி திட்டுத்திட்டாக நின்றது. கழுவிவிடு என்றேன். "கிட்டப் போயி பாத்தாத்தாங்க்கா அப்படித் தெரியும்" என்று துப்பட்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வரிசை நீளமாக இருந்தது. டாக்டர் வெளியிலிருந்து வந்தவர், அவசரத்தில் இருந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார், "ஏதாவது வியாதி இருக்கா?" என்பார், கையெழுத்துப் போடுவார். முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரஞ்சிதாவின் முறை வந்தபோதும் பேனா ஏறக்குறைய காகிதத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அவர் கண்ணில் அந்தத் திட்டு பட்டது.

"என்னம்மா இது, படையா?"

"இல்ல சார், பவுடரு."

அவர் நம்பவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் கன்னத்தைத் துடைத்தார். பஞ்சு ரோஸாக வந்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துடைத்த இடத்தில் தெரிந்த வெளிறலைப் பார்த்ததும் டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அழுத்திப் பார்த்தார். "உடம்புல ரத்தமே இல்லையே" என்று ரத்த டெஸ்டுக்கு அனுப்பினார். சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயருக்கு எதிரே அன்ஃபிட்.

வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவள் நான். என் இமையை அவர் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற யாருடையதையும் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் பர்மனென்ட் ஆனோம். எங்களில் எத்தனை பேருக்கு ரத்தம் இருந்தது என்று அந்த டாக்டருக்கே தெரியாது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே பரமசிவம் அவளைக் கூட்டிப்போக வந்துவிட்டார். முரட்டு ஆள் என்று நினைத்திருந்தேன். சாதுவாக, களைத்துப்போய், பிள்ளைகளுக்கு என்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றார். அவரைத் திட்டக்கூட வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தேன்.

"ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டா சரியாப் போயிடும்ண்ணா. மறுபடி மெடிக்கல் வெப்பாங்க. இருக்கட்டுமே."

அவர் ரஞ்சிதாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் அழுது வீங்கிய முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

"அழுவாத புள்ள. நம்ம ஊருல உன் மூஞ்சிய யாரு பாக்கப் போறா? காலையில புள்ளைங்களுக்குச் சோறு ஆயிட்டாப் போதும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ரஞ்சிதா தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.