தண்ணி குடிக்காத வேரா

மாரிச்செல்விக்கு முப்பத்திரண்டு வயது. கடலாடிக்கு மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சோலார் பிளான்ட்டில் பேனல் கழுவுகிற வேலை. விடியும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். வெயில் ஏறிச் சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். டிராக்டர் டேங்கரிலிருந்து ஒருத்தி ஹோஸைப் பிடித்து அடித்துக்கொண்டே போவாள். பின்னாலேயே இன்னொருத்தி, ஆள் உயரத்தைவிட நீளமான கம்பில் மாட்டிய வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போவாள். செல்வி வைப்பர் பிடிக்கிறவள், அவளுக்கு ஹோஸ் பிடிப்பது இராமலட்சுமி. நான்கு வருடமாக அதுதான். பத்து மணிக்கு மேல் பேனலுக்கு அடியில் புல் அறுப்பு. வீட்டுக்கு வர மதியம் இரண்டரை ஆகிவிடும்.

அந்த பிளான்ட்டின் வடகிழக்கு மூலை அவள் மாமனாருடைய மிளகாய்க் காடாக இருந்தது. ஐந்து வருடத்தில் மூன்று வருடம் மழை ஏமாற்றிய நிலம். குத்தகைக்குக் கொடுத்தபோது வீட்டில் யாரும் அழவில்லை. மாமனார் இறந்த பிறகு வீட்டில் செல்வியும் மாமியார் கனகலட்சுமியும் மட்டும்தான். புருசன் அருள்முருகன் கத்தாரில் ஏசி மெக்கானிக்.

போன ஆடியில் லீவுக்கு வந்த அருள்முருகன் ஒரு ப்ளேஸ்டேஷன் கொண்டுவந்தான். கூட வேலை செய்த ஒருவன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. லீவு நாற்பது நாளும் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். திரும்பிப் போகும்போது, "செல்வி, வாரத்துக்கு ஒரு தடவ போட்டு எடு. சும்மா கெடந்தா தூசி ஏறிப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்படித்தான் அவள் ஆரம்பித்தாள். முதல் வாரம் போட்டு அணைத்தாள். இரண்டாவது வாரம், போட்டதுதான் போட்டோம் என்று கண்ட்ரோலரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த ஒரே விளையாட்டு 'அயர்ன் நூன்'. இன்னும் இருநூற்றைம்பது வருடம் கழித்து நடக்கிற கதை. கடல் வற்றிவிட்டது. சூரியனிலிருந்து கரண்ட் எடுக்கிற கோபுரங்களை எல்லாம் இயந்திரங்கள் பிடித்துவைத்திருக்கின்றன. வேரா என்று ஒரு பெண், ஒற்றை ஆளாகத் துப்பாக்கியோடு போய் அவற்றை ஒவ்வொன்றாகத் தகர்க்க வேண்டும். செல்விக்கு முதல் நாளே பதினேழு தடவை சாவு. ஆனால் கை பழகிவிட்டது. தினமும் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்தரை வரைக்கும். தூங்கத்தான் உடம்பு கேட்கும். ஆனால் படுத்தால் தோள்பட்டை குத்தும். உட்கார்ந்திருந்தால் குத்து கொஞ்சம் மறந்திருக்கும்.

கனகலட்சுமி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே பக்கத்தில் இருந்து பார்ப்பாள். வற்றிய கடலுக்கு மேலே இடிந்து கிடந்த பாலத்தைப் பார்த்து, "ஏத்தா, இது நம்ம பாம்பன் பாலம் மாதிரில இருக்கு" என்றாள். இன்னொரு நாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இந்தப் புள்ள எப்பத்தா சாப்பிடும்?"

"யாரு அத்தே?"

"இவதான். நானும் ஒரு மாசமாப் பாக்குறேன். ஓடுறா, சுடுறா, விழுறா, எந்திரிக்கிறா. ஒரு வாய் தண்ணி குடிச்சு நான் பாக்கல."

செல்வி சிரிக்கவில்லை. அன்றைக்குக் காலையில் பிளான்ட்டில் குடிதண்ணீர் கேன் வர லேட்டாகி, பதினோரு மணி வரைக்கும் நாக்கு வறண்டு நின்றவள் அவள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். அவள் கையில் இருந்தது அருள்முருகனின் பழைய போன். அதில் அவனுடைய ஃபேஸ்புக் அப்படியே திறந்து கிடந்தது. தமிழில் கேம் விளையாடுகிறவர்கள் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். அதில் அவன் மெம்பர். ஒருவன் 'அயர்ன் நூன் எப்படி ப்ரோ? வாங்கலாமா?' என்று கேட்டிருந்தான். செல்வி அதற்குக் கீழே எழுதினாள்:

'விளையாடிக்கிட்டு இருக்கேன். படம் ரொம்ப அழகு. வெயில் அடிக்கிறது நிஜ வெயில் மாதிரியே இருக்கு. ஆனா செஞ்சவங்க வெயில்ல நின்னு பார்த்தது இல்லைன்னு நினைக்கிறேன். அத்தனை கோபுரம், அத்தனை பேனல், ஒண்ணுல கூட தூசி இல்லை. கடல் வத்திப்போன ஊர்ல உப்புக் காத்து அடிக்காதா? எங்க ஊர்ல கிழக்குக் காத்து ரெண்டு நாள் அடிச்சா கண்ணாடி வெள்ளையாப் படிஞ்சிரும். இருநூத்தம்பது வருசம் கழிச்சு அதையெல்லாம் யார் துடைக்கிறாங்கன்னு கதையில எங்கயும் வரலை.

இதுல வர்ற ரோபோ எதுவும் மக்கர் பண்ணாது. எங்க பக்கத்துல பேனல் துடைக்க ஒரு ரோபோ கொண்டுவந்தாங்க. ரெண்டாவது வரிசை முடியிற இடத்துல நிக்கத் தெரியாம கீழ விழுந்துச்சு. நாலு பொம்பளைங்க தூக்கிக்கிட்டுப் போனோம். அது அவ்வளவு கனம். அடுத்த வருசம் இன்னும் பத்து வருதாம். அதனால ரோபோவைப் பார்த்தா எனக்குப் பயம்தான், ஆனா இந்த கேம்ல காட்டுற மாதிரி பயம் இல்லை.

வேரா தண்ணி குடிக்கலை. நாப்பது மணி நேரம் விளையாடியாச்சு, ஒரு தடவை கூட உக்காரலை. தோள்ல குண்டு பட்டா அஞ்சு நிமிசத்துல சரியாகிப் போகுது. சண்டை நல்லா இருக்கு, குறி வைக்கிறது லேசா இருக்கு. ஆனா ஒரு கோபுரத்தை உடைச்சா அடுத்த கோபுரம், அது முடிஞ்சா இன்னொண்ணு. யாரும் அவளைப் பார்த்து இன்னைக்குப் போதும்னு சொல்றது இல்லை. அதைப் பார்க்கிறப்ப எனக்கும் களைப்பா இருக்கு. பத்துக்கு ஆறு.'

போட்டுவிட்டு மறந்துபோனாள். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள். அவள் எழுதியது குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. புதன்கிழமை சாயங்காலம் அருள்முருகன் வீடியோ காலில் வந்தான். முகத்தில் ஒரு சங்கடமான சிரிப்பு.

"செல்வி, அந்த கேம் பத்தி நீயா எழுதுன?"

"ஆமா. உங்க ஐடியில போயிருச்சா? எடுத்துரவா?"

"எடுத்துராத. இங்கன ரூம்ல அம்புட்டுப் பயலும் படிச்சிட்டு, மாப்ளே எழுத்தாளன்டா நீன்னு தோள்ல தூக்காத கொறதான். நானும்..." என்று இழுத்தான். "நானும் ஆமான்னுட்டேன்."

செல்வி போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

"கோவமா?"

"கோவப்படக் கூட முடியல. தோளு வலிக்குது. பெறவு பேசுறேன்."

வைத்துவிட்டாள். கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. அன்று அவள் விளையாட உட்காரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "என்னத்தா?" என்று மாமியார் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல அத்தே" என்றாள். நாள் முழுக்க அவள் கழுவுகிற பேனலிலும் அவள் பெயர் இல்லைதான். அதுவும் இதுவும் ஒன்றா என்று யோசித்தாள். ஒன்றில்லை என்று பட்டது. அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லாமல் தூங்கிப்போனாள்.

குரூப்பை நடத்துகிறவர் ஹமீது சுல்தான். மண்டபத்துக்காரர், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர்தான் சனிக்கிழமை ஒரு கேள்வி போட்டார்: 'அருள் ப்ரோ, நீங்க தோஹாவுல ஏசி மெக்கானிக்னு போட்டிருக்கீங்க. பேனல் துடைக்கிறது இவ்வளவு நுணுக்கமா எப்படித் தெரியும்? பொம்பளைங்க தூக்கிட்டுப் போனோம்னு வேற எழுதியிருக்கீங்களே!'

அருள்முருகன் உடனே செல்வியைக் கூப்பிட்டான். அவள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லட்டும் செல்வி?"

"நீங்கதான எழுதுனீங்க. நீங்களே சொல்லுங்க."

அவன் தானே சொன்னான். லீவில் வந்தபோது பிளான்ட்டில் கொஞ்ச நாள் வேலை பார்த்ததாகவும், 'பொம்பளைங்களோட சேந்து' என்று எழுத வந்ததில் வார்த்தை விட்டுப்போனதாகவும், சோப்புத் தண்ணி போட்டுத் தேய்த்தால்தான் உப்பு போகும் என்றும் எழுதினான். தூத்துக்குடியில் சோலாரில் வேலை பார்க்கிற ஒருவர் அடுத்த நிமிடமே வந்துவிட்டார். 'சோப்பா? சோப்பு போட்டா கறை பிடிக்கும், தொலைச்சுப்புடுவாங்க. யாருப்பா நீ?'

அதற்குப் பிறகு கிண்டல் மழை. அருள்முருகனுடைய ரூம் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நாள் முழுக்க அவன் குரூப் பக்கமே போகவில்லை. ஞாயிறு காலையில் எழுதினான்:

'எல்லாரும் மன்னிக்கணும். அதை எழுதினது என் மனைவி மாரிச்செல்வி. பேனல் துடைக்கிறதும் அவதான், விளையாடுறதும் அவதான். நான் இன்னும் மூணாவது கோபுரத்தையே தாண்டலை. அவ பன்னிரண்டாவதுல இருக்கா. பேர் வாங்கணும்னு ஆசைப்பட்டுட்டேன்.'

கீழே இருநூறு பேருக்கு மேல் பேசியிருந்தார்கள். சிலர் அவனைத் திட்டினார்கள். சிலர், கிராமத்துப் பெண் இதெல்லாம் விளையாடுவாளா, இதுவும் பொய்தான் என்றார்கள். பானுப்பிரியா என்று ஒருத்தி, 'அக்கா, நான் திருப்பூர்ல தையல் மிஷின்ல இருக்கேன். நீங்க எழுதினதை எங்க லைன்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்' என்று போட்டிருந்தாள். செல்வி அதை இரண்டு தடவை படித்தாள். பதில் எழுத நினைத்தாள். வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது.

மறுவாரம் ஹமீது சுல்தானே பேசினார். அவருக்கு ஒரு யூட்யூப் சேனலும் இருந்தது. முகம் காட்ட வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றதால் செல்வி ஒத்துக்கொண்டாள். ஞாயிறு மதியம், இருபது நிமிடம்.

"அக்கா, கடைசியாக் கேக்குறேன். இந்த கேமை வாங்கலாமா, வேண்டாமா?"

செல்வி யோசித்தாள். "லீவு இருக்கிறவங்க வாங்கலாம் தம்பி."

"லீவு இல்லாதவங்க?"

"அவங்க தூங்கலாம்."

அவர் சிரித்தார். செல்வி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் போனைக் கீழே வைக்க வலது கை நகராமல், இடது கையால் வாங்கி வைத்தாள். அதைப் பார்த்த கனகலட்சுமிக்குத்தான் முதலில் விஷயம் புரிந்தது. மறுநாள் வேலைக்கு விடவில்லை. இரண்டு பேரும் பஸ் ஏறி ராமநாதபுரம் போனார்கள். டாக்டர் தோளைத் தூக்கச் சொன்னார். பாதிக்கு மேல் போகவில்லை.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

சொன்னாள்.

"வேற என்ன செய்வீங்க, இந்தக் கையால?"

கொஞ்சம் தயங்கி விளையாட்டையும் சொன்னாள். டாக்டர் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. "மூணு வாரம் ரெண்டும் கூடாது" என்று சீட்டில் எழுதினார்.

மூன்று வாரம். இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததில்லை. முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். சாப்பிட எழுந்தாள், மறுபடி தூங்கினாள். இரண்டாவது வாரம் தூக்கம் வராத நேரத்தில் பயம் வந்தது. தன் இடத்தில் வேறு யாரையாவது போட்டிருப்பார்களோ என்று. சூப்பர்வைசர் முஹைதீனுக்குப் போன் போட்டாள்.

"யாரையும் போடலம்மா. ஆள் எங்க கெடைக்கிறாங்க? வா. ஆனா வைப்பர் வேண்டாம், ஹோஸைப் புடி. இராமலட்சுமிகிட்டச் சொல்லிட்டேன், அவ வைப்பரை வாங்கிக்கிடுவா."

"அவளுக்கும் இடுப்பு வலி அண்ணே."

"மாத்தி மாத்திப் பிடிங்க. நான் என்ன செய்ய?" என்றார்.

அப்படித்தான் செய்தார்கள். ஒரு வரிசை இவள், ஒரு வரிசை அவள். ஹோஸ் பிடிக்கிற வரிசையில் கை இறங்கியிருக்கும். அதுவே பெரிய சுகம். புதிய ரோபோக்கள் பத்தும் சொன்னதற்கு முன்னாலேயே மார்கழியில் வந்து இறங்கின. இன்னும் பெட்டி பிரிக்கவில்லை. அவற்றைச் சுற்றித்தான் காலையில் டிபன் பாத்திரங்களை வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

பொங்கலுக்கு அருள்முருகன் வந்தான். பத்து நாள்தான் லீவு. வந்த அன்றைக்கு அவளிடம் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று விமானத்தில் வரும்போதே வாக்கியம் எல்லாம் சேர்த்து வைத்திருந்தானாம். வந்து சேர்ந்து ஒரு செம்பு தண்ணீரை வாங்கிக் குடித்தவன், பாயில் சாய்ந்தான். மறுநாள் மத்தியானம்தான் எழுந்தான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், கட்டிட மொட்டைமாடிகளில், அந்த ஊர் வெயிலில். தூங்குகிற முகத்தைப் பார்த்தபோது செல்விக்கு அவன் தன்னைவிடப் பத்து வயது மூத்தவன்போல் தெரிந்தான். மூன்று வயதுதான் மூப்பு.

"அந்த விசயம்..." என்று அவன் எழுந்ததும் ஆரம்பித்தான்.

"சாப்புடுங்க மொதல்ல."

சாப்பிட்டான். மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மத்தியானம், வேறு செய்ய ஒன்றும் தோன்றாமல், டிவி முன்னால் உட்கார்ந்து மூன்றாவது கோபுரத்தை எடுத்தான். செல்வி பக்கத்திலேயே பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான்கு தடவை செத்தான். ஐந்தாவது தடவை ஒரு பெரிய இயந்திரம் எதிரில் வந்து நின்று சத்தம் கொடுத்தது.

"எடது பக்கம் ஓடுங்க" என்றாள் செல்வி, கண்ணைத் திறக்காமலே.

"அங்கன சுவருல்ல இருக்கு?"

"சுவருக்குப் பின்னாடி எடம் இருக்கு. போங்க."

அவன் ஓடினான். இடம் இருந்தது. குண்டுச் சத்தம் கொஞ்ச நேரம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. அதற்குள் தூங்கிவிட்டாள்.