சட்டி மூடியும் ஸ்டீல் கிட்டாரும்

"பாட்டு எப்போது தொடங்கும்?"

போன மாதம் ஒஸ்லோவின் குரோருட்டில் நடந்த ஒரு பாட்டு இறுவட்டு வெளியீட்டு விழாவில், பக்கத்துக் கதிரையில் இருந்த நோர்வேக்காரர் என்னிடம் கேட்டார். பெயர் ஓட்வார். தலையில் அகன்ற தொப்பி. காலடியில், பெட்டிக்குள் ஸ்டீல் கிட்டார். மேடையில் அப்போது நாலாவது பேச்சாளர்...

எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

என் பக்கத்து வீட்டுக் குணாளன் லொறி ஓட்டுபவர். வடகோடி ஹம்மர்பெஸ்டிலிருந்து ஒஸ்லோவுக்கு மீன் கொண்டுவருவார். அந்த நீண்ட வீதிகளில் அவருக்குத் துணை வானொலியில் வரும் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகள். கேட்டுக் கேட்டு, ஒரு நாள் தானே தமிழில் கட்டத் தொடங்கிவிட்டார். பனி மூடிய வீதி, படகுத்துறையில் காத்திருப்பு, லண்டனுக்குப் போய்விட்ட மனைவி – எல்லாம் பாட்டு.

எங்கள் வீடுகளுக்கு நடுவில் மெல்லிய சுவர். அவர் வீட்டில் நிற்கும் ஞாயிறுகளில் எனக்கு இலவசக் கச்சேரி. என் வீட்டிலும் கழுவுவதற்கு ஒரு கோப்பைதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் இருப்பது சின்ன விஷயமா என்ன?

அந்தப் பாட்டுகளை இறுவட்டாக்கக் குணாளன் முடிவு செய்தார். ஒலிப்பதிவு ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், ஸ்ட்ரோம்மனில், ஓட்வாரின் நிலக்கீழ் ஸ்டூடியோவில். முதல் நாள் நானும் போயிருந்தேன். மைக்கின் முன்னால் குணாளனுக்குக் குரலே எழும்பவில்லை.

"அண்ணை, கை சும்மா இருக்கு. ஸ்டியரிங் இல்லாமல் எனக்குப் பாட்டு வராது."

அதை நோர்வேஜிய மொழியில் மாற்றிச் சொன்னேன். ஓட்வார் சிரிக்கவில்லை. குசினிக்குப் போய் ஒரு பெரிய சட்டி மூடியோடு வந்தார். குணாளன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வளைவு வரும் இடங்களில் மெல்லத் திருப்பினார். பாட்டு வந்தது! ஓட்வாருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் குணாளன் மூச்சு விடும் இடங்களிலெல்லாம் அவருடைய கிட்டார் சரியாக வந்து நுழைந்தது.

இனி விழா. எங்கள் விழாக்கள் உங்களுக்குத் தெரியும்தானே? மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை, முதற்பிரதி... ஆய்வுரை செய்தவர் தமிழின் தொன்மையைப் பேசி, அட்டையின் நிறத்தைப் பாராட்டி அமர்ந்தார். மேசையில் சிடி பிளேயர் தயாராக இருந்தது. பொன்னாடையோடு குணாளன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு, நிகழ்ச்சி நிரலின் கடைசியில். அதற்குள் மண்டபப் பொறுப்பாளர் வந்து, நேரம் முடிந்ததென்று சாவிக் கொத்தைக் குலுக்கினார்.

"பாட்டுத்தானே, வீட்டை போய்ப் போட்டுக் கேக்கலாம்," என்றார் தலைவர். "வாங்கோ, வடை ஆறுது."

ஓட்வார் பெட்டியைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு குணாளன் காத்திருந்தார். யாராவது ஒருவர் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று.

"சனம் என்ன சொல்லுது?" – லிப்டில் கேட்டேன்.

"அட்டை நல்லாயிருக்காம். அதில நிக்கிற லொறி சொந்தமோ எண்டு கேக்கினம்."

"பாட்டு நல்லாயிருக்கு, குணாளன்."

"நீங்கள் பக்கத்து வீடு, அண்ணை. அப்பிடித்தானே சொல்லுவியள்."

சிரித்தார். ஆனால் அந்த ஞாயிறு சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. தொலைக்காட்சிச் சத்தம் மட்டும்.

ஒருவருக்குப் பொன்னாடை போர்ப்பதில் நாங்கள் கெட்டிக்காரர். அவர் என்ன பாடினார் என்று கேட்பதில்தான்... உங்கள் அலுமாரியிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இறுவட்டு ஒன்றாவது இருக்குமே?

போன ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டுக் கதவு திறந்து மூடுவதும், பிறகு தொலைக்காட்சியும் கேட்டன. ஸ்பீக்கர்களைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தேன். படகுத்துறைப் பாட்டைப் போட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.

அந்தப் பக்கம் தொலைக்காட்சி நின்றது.

பாட்டு முடிந்தது. பிழையாகச் செய்துவிட்டேனோ என்று நினைக்கையில், சுவரில் தட்டல்.

"அண்ணை... ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரில் தட்டக் கூடாது என்பது எங்கள் கட்டடத்தின் விதி. நான் முறைப்பாடு செய்யவில்லை.