ராகம் போட்டுக் கேட்ட தண்ணீர்

என் நாத்தனார் பஸ் கண்டக்டராக இருந்தவள். நிறுத்தத்தின் பெயரை அவள் ராகமாக இழுத்துச் சொன்னால், தூங்குகிறவன்கூட எழுந்து இறங்கிவிடுவான். பக்கவாதம் வந்து அவள் பேச்சு போய்விட்டது. தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டாலும் பாட்டு தப்பித்திருக்கலாம் என்று சொல்லி, அந்த பஸ் ராகத்திலேயே வார்த்தைகளைப் பழக்கினாள். ஒருநாள், "அண்ணீ... தண்ணீ... குடுங்க" என்று நாத்தனார் பாடினாள். ஒரு டம்ளர் கேட்டவளுக்கு நான் குடத்தையே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நேற்று என் வீட்டுக்காரரைப் பார்க்க அவருடைய மேலாளர் வந்திருந்தார். அந்த நேரத்தில் இவள் உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டுப் பாடினாள். வீட்டுக்காரர் எழுந்து போய், "மானத்தை வாங்காத, வாயை மூடு" என்று அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அதோடு அவள் எதுவும் கேட்பதையே விட்டுவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று மத்தியானமும் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. அவர் முன்னால் வெறும் தட்டை வைத்தேன்.

"சாப்பாடு எங்க?"

"பாடிக் கேளுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அவளுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். அதையும் அடைச்சிட்டீங்க. ஒரு வேளை நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்க. மானம் கீழ விழுந்தா நான் பெருக்கி எடுத்துத் தரேன்."

அப்போது உள்ளேயிருந்து அந்த ராகம் கேட்டது.

"அண்ணீ... அண்ணனுக்கு... சாப்பாடு... போடுங்க..."

போட்டேன். அவர் கை வைக்கப் போனதும் தட்டை இழுத்துக்கொண்டேன்.

"முதல்ல போய் அந்தக் கதவைத் திறந்துட்டு வாங்க."